காசிச் செம்பும் நாலாவது அம்சமும்

கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவனைப் பார்த்து இவன் பொய்யன் என்று யாரும் சொல்லிவிட முடியாது, அந்த வகையில் கண்ணாஸ்பத்திரி எனக்குத் தோதான இடம்தான். எந்தக் கண் என்று டாக்டருக்குச் சந்தேகம் வந்துவிடாமல் இருக்க இடது புருவத்துக்கு மேலே ஒரு துண்டு பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். சொட்டு மருந்து ஒரு தடவை விட்டாயிற்று. விட்டதும் மிளகாய்த்தூள், கொஞ்ச நேரத்தில் ஐஸ், அப்புறம் மூக்கு வழியாகத் தொண்டைக்கு இறங்கி வேப்பெண்ணெய். "கண்ணு பாப்பா நல்லாப் பெரிசாகணும் தாத்தா. மூணு தடவை விடணும், முக்கால் மணி நேரம் ஆகும், அதுவரைக்கும் திறக்கப்படாது" என்றாள் நர்ஸ். எதுக்கும்மா பெரிசாக்குறே, எனக்கு எல்லாம் ஏற்கெனவே பெரிசாத்தான் தெரியுது என்றேன். சிரித்தாள். எதிரில் இருக்கிறவர் சிரித்துவிட்டால் என் நாக்கு நிற்காது. முப்பத்தோரு வருஷம் கண்டக்டர் நான், செங்கோட்டை மலைப்பாதையில் ஒரு நாள் யானை துதிக்கையை நீட்டி பஸ்ஸை நிறுத்திவிட்டது, புனலூருக்கு ஒரு டிக்கெட் கேட்டது, குட்டிக்கு அரை டிக்கெட் போட்டுக் கொடுத்தேன், இறங்கும்போது படியில் நின்று ஒரு கும்பிடு போட்டது பார் என்று அவிழ்த்து விட்டேன். பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருப்போம் அந்த பெஞ்சில். சரி, ஏழு பேர். யானை துதிக்கையை நீட்டவும் இல்லை. அது ரோட்டில் நின்றது, நாங்கள் நின்றோம், அது போயிற்று, நாங்கள் போனோம். குட்டி மட்டும் நிஜம். எல்லாக் கதையிலும் ஒரு குட்டி நிஜமாக இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டுதான் மற்றது நடக்கும்.

இந்த இருட்டுக்குள் நான் கூட்டிக்கொண்டு வந்தது தேவசகாயம் சாருடைய அஞ்சு அம்சங்களை. சார் காலேஜில் தத்துவம் நடத்தி ரிட்டையரானவர், காலையில் கிரவுண்டைச் சுற்றுவதில் எனக்குக் கூட்டாளி. வருகிற ஞாயிற்றுக்கிழமை வாசகர் வட்டத்தில் பேசப் போகிறார். தலைப்பு, திருப்திகரமான ஓர் அறக்கொள்கையில் இருக்க வேண்டியவை. கல்யாணத்துக்கு மளிகைச் சிட்டை போட்ட மாதிரி இருக்கே சார் என்றேன். "சிரியாதேயும்வே குத்தாலிங்கம், அதுவும் அப்படித்தான், ஒரு சாமான் விட்டுப்போனா பந்தியிலே பல்லை இளிச்சிரும்" என்றார். என்ன செய்யணும் என்று அது தெளிவாகச் சொல்ல வேண்டும், அது ஒன்று. ஏன் அப்படிச் செய்யணும் என்று காரணம் காட்ட வேண்டும். எல்லாருக்கும் ஒன்றுபோல இருக்க வேண்டும், சொல்கிறவனுக்கு மட்டும் ஓசிப் பாஸ் கிடையாது. அப்புறம் நாலாவது. நாலாவதைச் சொல்லும்போது ஒரு நாய் எங்களுக்குக் குறுக்கே ஓடியது, நான் நாயைப் பார்த்துவிட்டேன். கறுப்பு நாய், ஒரு காது பாதிதான் இருந்தது, வாயில் யாருடைய செருப்போ. அத்தனையும் ஞாபகம் இருக்கிறது, நாலாவது இல்லை. அஞ்சாவது, சாதாரண மனுஷனால் கடைப்பிடிக்க முடிந்ததாக இருக்க வேண்டும். "நீர் பொய்யாச் சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டினவர், இதுல எங்க ஓட்டைன்னு உமக்குத்தான் பட்டுன்னு தெரியும், யோசிச்சு வையும்" என்று என்னிடம் விட்டுவிட்டுப் போனார். அதைத்தான் மென்றுகொண்டிருந்தேன், நாலாவது என்ன, நாலாவது என்ன என்று, அந்த நேரத்தில்தான் நர்ஸ் எனக்கு இடது பக்கத்தில் வந்து நின்று ஒரு சீட்டைப் படித்தாள். "உலகம்மாள், வயசு அறுபத்தொண்ணு, கணவர் பேர் ஆவுடையப்பன், கடையநல்லூர், வலது கண்ணு. நீங்கதானம்மா?" நான்தான் என்று ஒரு பொம்பளைக் குரல் சொன்னது. என் முழங்கைக்கும் அந்தக் குரலுக்கும் நடுவே ஒரு சாண்தான் இருக்கும். முழங்கையை என் மடிக்குள் இழுத்துக்கொண்டேன்.

ஆவுடையப்பன் என்று கடையநல்லூரில் நூறு பேர் இருக்கலாம். உலகம்மாள் இருநூறு. இரண்டு பேரும் சேர்ந்தாற்போல், இந்த வயசில், எத்தனை. ஒன்று. அந்த ஒன்று நடந்ததற்குக் காரணம் நான். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் தென்காசியில் ஆவுடையப்பன் என் பக்கத்து வீட்டுப் பையன், நல்ல பையன், குனிந்த தலை, ஒரே ஒரு கோளாறு, ஓடிப்போவான். ஒன்றும் சண்டை கிடையாது, சத்தம் கிடையாது, சாப்பிட்டுக் கை கழுவப் போகிறவன் அப்படியே ரயில் ஏறிவிடுவான். முதல் தடவை ஒரு மாசம். இரண்டாவது தடவை எட்டு மாசம், பூனாவில் ஒரு ஓட்டலில் தட்டுக் கழுவிவிட்டு இரண்டு கையிலும் சோப்புத் தண்ணி அரித்த புண்ணோடு வந்து சேர்ந்தான். அதற்கப்புறம்தான் கடையநல்லூரிலிருந்து பெண் வீட்டு வழியில் ஒரு மாமாக்காரர் விசாரிக்க வந்தார். விசாரிக்கிறவர் நேரே மாப்பிள்ளை வீட்டுக்குப் போக மாட்டார், நம் பக்கத்து வழக்கம் அதுதானே, டீக்கடை, சலூன், பக்கத்து வீடு. பக்கத்து வீட்டுக்காரன் நாக்கில்தான் ஒரு பொண்ணும் பையனும் தொங்கிக்கொண்டிருப்பார்கள். நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். "பையன் எட்டு மாசம் ஊர்லயே இல்லியாமே?" என்றார் மாமாக்காரர். சுவருக்கு அந்தப் பக்கம் சிவகாமி மைனி, ஆவுடையின் அம்மா, கிணற்றில் தண்ணி இறைத்துக்கொண்டிருந்தாள். கிறீச், கிறீச் என்று உருளைச் சத்தம் வந்துகொண்டிருந்தது. அவர் கேட்டதும் அது நின்றுவிட்டது. வாளி பாதிக் கிணற்றில் தொங்குகிறது, கயிறு மைனி கையில் இறுகி இருக்கிறது, அவளுக்கு மூச்சும் இல்லை. நான் வாயைக் கொப்புளித்தேன். கொப்புளித்துத் துப்புகிற நேரம்தான் யோசித்தது. "காசிக்குல்ல போயிருந்தான்" என்றேன்.

என்ன செய்யணும் என்று தெளிவாகச் சொல்ல வேண்டுமாம். தேவசகாயம் சார், நீர் அந்தச் சுவரோரம் நின்றிருக்க வேண்டும். ஓடிப்போனவன் என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம், எனக்குத் தெரியாது என்று நழுவியிருக்கலாம், நானோ பூனாவில் தட்டுக் கழுவினவனைத் தாத்தாவின் அஸ்தியைத் தலையில் சுமந்துகொண்டு காசிக்கு நடந்தே அனுப்பினேன். நடந்தே. அதுதான் என் புத்தி, ரயிலில் போனான் என்றால் போதாதா. காரணம் காட்ட வேண்டுமாம், காரணம் அந்த உருளை. உருளை மறுபடி சுற்ற வேண்டும், எனக்கு அவ்வளவுதான். அது சுற்றியது, கிறீச் என்று, அதைவிட நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை. மாமாக்காரர் கண்ணில் தண்ணி கட்டிவிட்டது. "பொண்ணோட அய்யா காசி காசின்னு உசிரை விடுதவரு. பையன் தீர்த்தம் கொண்டாந்திருப்பானே?" என்றார். கொண்டாந்திருக்கான், செம்புல அடைச்சு வச்சிருக்கு, கல்யாணத்தன்னைக்கு மாமனார் கையிலதான் குடுப்பேன்னு பிரிக்காம வச்சிருக்கான் என்றேன். ஒரு பொய் சொன்னால் அதற்குத் துணைக்கு ஆள் கேட்கும். இப்போது செம்பு வேண்டும். காசியிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவருவார்களே, கைப்பிடிக்குள் அடங்குகிற செம்புச் சொம்பு, வாயை ஈயத்தால் பற்றவைத்து அடைத்தது, உயிர் போகிற நேரத்தில் உடைத்து நாக்கில் ரெண்டு சொட்டு விடுகிறதற்கென்று சாமி அலமாரியில் வருஷக்கணக்காகக் காத்திருக்குமே, அது. தேரடிப் பாத்திரக்கடையில் ஒன்று வாங்கினேன், ஒரு டம்ளர் தண்ணி பிடிக்கும். குற்றாலத்துக்குப் போய் அருவித் தண்ணியில் நிறைத்தேன். சும்மா ஒன்றும் இல்லை, அருவித் தண்ணி, அதுவும் புண்ணிய தீர்த்தம்தானே, மூலிகையெல்லாம் கலந்தது. அந்த மட்டுக்கும் நான் ஒழுங்கு.

பக்கத்தில் அவள் இருமுகிறாள். வளையல் சத்தம். என்னைத் தெரிந்திருக்குமா. தெரிய நியாயமில்லை, அவளுக்கும் கண் மூடியிருக்கிறது, ஆவுடை கடையநல்லூரிலேயே வீட்டோடு மாப்பிள்ளையாகிவிட்டான், அவள் என்னைப் பார்த்தது ஒரே ஒரு தடவை, கல்யாண மேடையில், அந்தச் செம்பைத் தாம்பாளத்தில் வைத்து மாமனார் கையில் கொடுத்தபோது. கொடுத்ததும் சும்மா இறங்கியிருக்கலாம். இல்லை, ஒரு சின்னப் பிரசங்கம், மாப்பிள்ளை நர்மதையைக் கடந்தபோது முதலை ஒதுங்கி வழிவிட்டது என்று. சனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. மாமனார் செம்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார், குழந்தையைப் பிடிக்கிற மாதிரி. அதைப் பார்த்ததும்தான் எனக்கு முதல் தடவையாக வியர்த்தது. பந்தியில் பாயசத்துக்கு நிற்காமல் வந்துவிட்டேன், அடுத்த மாசமே நாகர்கோவில் பக்கம் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டேன். மூணு வருஷம் கழித்து ஒருத்தர் பஸ்ஸில் ஏறினார், கடையநல்லூர்க்காரர், ஆவுடை மாமனார் தவறிட்டாரே, காசித் தீர்த்தம் வாயில் விட்டுத்தான் சீவன் போச்சாம், குடுத்து வச்சவரு என்றார். நான் அவருக்கு டிக்கெட்டைக் கிழிக்காமல் முழுக் கட்டையும் நீட்டினேனாம். விட்டுத்தான் போச்சாம் என்றால் என்ன அர்த்தம், விட்டதால் போச்சா, விட்ட பிறகு போச்சா. மூணு வருஷம் ஈயத்துக்கும் செம்புக்கும் நடுவே அடைத்துக் கிடந்த தண்ணி. காசித் தண்ணி கெடாதாம், அது கங்கைக்கு உள்ள பேச்சு. குற்றாலத் தண்ணி கெடுமா. அருவித் தண்ணிதானே, நல்ல தண்ணிதானே. ஆனால் கல்யாணம் வைகாசி பிறந்ததும். செம்பு அடைத்தது சித்திரைக் கடைசியில். சித்திரையில் குற்றாலத்தில் ஏது தண்ணி, பாறை காய்ந்து கருவாடாகக் கிடக்கும், குரங்கே இறங்கி ஊருக்குள் வந்துவிடும். அப்படியானால் அருவி இல்லை. சிற்றாறு. ஆமாம், சிற்றாற்றில்தான் நிறைத்தேன், பாலத்துக்குக் கீழே, கணுக்கால் தண்ணியில் நின்று.

இரண்டாவது சொட்டு. எனக்குச் சொல்லாமலே விட்டுவிட்டாள் நர்ஸ், இமையைத் தூக்கியபோது ஒரு கணம் வெளிச்சமும் ஒரு மஞ்சள் புடவையும் கரைந்து ஓடியது, மறுபடி இருட்டு. இந்த இருட்டில் எழுந்து ஓடவும் முடியாது, கதவு எந்தப் பக்கம் என்று தெரியாது. ஆவுடைக்கு ஓடத் தெரியும், எனக்குத் தெரியாது, நான் மாற்றல்தான் வாங்குவேன். ஆவுடை இருக்கிறானா. அவளை விட்டு ஓடிப்போயிருந்தால். கை கழுவப் போனவன் போனவன்தான் என்று ஆகியிருந்தால், இந்தப் பொம்பளை முப்பத்தெட்டு வருஷமாக ஒரு தாலியைக் கட்டிக்கொண்டு ரயில் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அந்தக் கணக்கு யார் பேரில். எல்லாருக்கும் ஒன்றுபோல, ஓசிப் பாஸ் கிடையாது, மூணாவது அம்சம். அது என்னை ஏற்கெனவே ஒரு தடவை கடித்துவிட்டது சார். என் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது அம்பாசமுத்திரத்துக்கு விசாரிக்கப் போனேன். பக்கத்து வீட்டுக்காரர் ஒருத்தர், தங்கமான பையன் என்றார். அவர் முகத்தையே பார்த்தேன். இந்த ஆள் எந்த உருளைச் சத்தத்துக்காகச் சொல்கிறான் என்று தோன்றியது. இன்னொரு வீட்டில் கேட்டேன், இன்னொரு வீட்டில், இருபது வீடு ஏறி இறங்கினேன். ஆறு வீடு. எவர் சொன்னதையும் நம்ப முடியவில்லை. திண்டாடிப் போய் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து ஒரு சோடா குடித்தேன். என்னை மாதிரி ஊரெல்லாம் இருந்தால் எந்தத் தகப்பன் எப்படி ஒரு பெண்ணைக் கட்டிக் கொடுப்பான் என்பது அந்த சோடாவோடுதான் எனக்குள் இறங்கியது. பையன் தங்கமானவன்தான், அது வேறு விஷயம்.

எனக்கு வலது பக்கத்தில் ஒரு பாவூர்சத்திரத்து அம்மா, என்னைத் தாண்டி உலகம்மாளோடு பேச்சுக் கொடுக்கிறாள். இரண்டு பேருக்கும் நடுவில் நான் தூண் மாதிரி. "யாரு கூட வந்திருக்கீய?" என்று இவள் கேட்கிறாள். "எங்க வீட்டுக்காரக வந்திருக்காக. கீழே டீ வாங்கப் போயிருக்காக" என்று அவள். வீட்டுக்காரக. வந்திருக்காக. டீ வாங்கப் போயிருக்காக. நான் மூச்சை விட்டது எனக்கே கேட்டது, பஸ்ஸில் ஏர் பிரேக் விடுகிற மாதிரி. இருக்கிறான். ஓடவில்லை. ஓடினாலும் டீ வாங்க மட்டும்தான் ஓடுகிறான். உடம்பில் ஒரு பக்கம் இறங்கி லேசாயிற்று, இன்னொரு பக்கம் இறங்கவில்லை, அங்கே மாமனார் செம்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிற்கிறார். பாவூர்சத்திரத்து அம்மா தன் மாமியார் கதையைச் சொன்னாள், தொண்ணூத்தி நாலு வயசு, இன்னைக்கோ நாளைக்கோ என்று இழுத்துக்கொண்டு கிடக்கிறாளாம், கங்கா தீர்த்தம் கிடைத்தால் ஒரு சொட்டு விடலாம், இப்போ யாரிடம் இருக்கிறது என்று அங்கலாய்த்தாள். "எங்க வீட்ல இருக்கு, வந்து வாங்கிட்டுப் போங்க. காசிச் செம்பு. எங்க கல்யாணத்துல வந்தது" என்கிறாள் உலகம்மாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். டம்ளர் தண்ணி பிடிக்கிற செம்பு. மாமனார் போய் முப்பத்தஞ்சு வருஷம். இன்னும் இருக்கிறதாம். "எங்க தெருவுல பதினாலு பேரு அந்தச் செம்புத் தண்ணியைக் குடிச்சுட்டுத்தான் போயிருக்காக" என்றாள். நான் சொல்கிற கதைகளிலேயே கூட செம்பு இப்படி வற்றாமல் இருந்தது கிடையாது. பதினாலு பேர். பதினாலு நாக்கு. ஒரு பொய்க்கு எத்தனை வாய்.

பாவூர்சத்திரத்து அம்மாவை உள்ளே கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கு வலது பக்கம் காற்று வந்தது. டிவியில் யாரோ மூட்டு வலி எண்ணெய் விற்றுக்கொண்டிருந்தார்கள். நாலாவது என்ன, நாலாவது என்ன. கறுப்பு நாய், பாதிக் காது, செருப்பு. சிற்றாறு என்று சொன்னேனே, சித்திரையில் சிற்றாறு ஏது, மணல்தான், அதில் பையன்கள் பந்து விளையாடுவார்கள். கணுக்கால் தண்ணியில் நின்றேன் என்றேனே, எந்தத் தண்ணியில். இத்தனை வருஷத்தில் என் ஞாபகத்துக்குள்ளேயே நான் அந்தத் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன், ஆற்றுக்கு, அருவிக்கு, இன்னும் பத்து வருஷம் இருந்தால் கங்கைக்கே கொண்டு சேர்த்திருப்பேன். செம்பைப் பற்றவைத்தவன் லாரன்ஸ், டிப்போவில் ரேடியேட்டருக்கு ஈயம் வைக்கிறவன். மத்தியானம் ரெண்டு மணி, வெயில். "அண்ணே, சும்மா செம்பையா அடைக்கணும்? உள்ள ஆட்டிப் பார்த்தா சத்தம் வர வேண்டாமா, தண்ணி எங்க?" என்றான். எனக்கு ரெண்டரைக்கு டூட்டி. சுற்றிலும் பார்த்தேன். பார்த்த இடத்தில்...

"அண்ணாச்சி" என்றது இடது பக்கம். நான் தூங்குகிற மாதிரி வாயைத் திறந்து வைத்துக்கொண்டேன். "அண்ணாச்சி, யானை எறங்கும்போது கும்பிட்டுச்சே, மீதிச் சில்லறை வாங்கிக்கிட்டா?" குரலில் சிரிப்பு உள்ளே புதைந்திருந்தது. எந்த அண்ணாச்சியைக் கேக்குறீய என்றேன். "முதலை வழிவிட்ட அண்ணாச்சியைத்தான். வந்து உக்காந்து வாயைத் திறந்ததுமே தெரிஞ்சுபோச்சு. முகம் மறந்துபோகும், அந்தக் குரலு எப்படி மறக்கும், மேடையில என் காதுக்கு நேரால்லா நின்னு பேசுனீய." முப்பத்தெட்டு வருஷம் நான் ஓடிய ஓட்டம் ஒரு சாண் தூரத்தில் வந்து முடிந்தது. அம்மா, நான் வந்து, அந்தக் காலத்துல, என்று தொடங்கினேன், அதற்கு மேல் வரவில்லை, வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு ஒரு வாக்கியம் பாதியில் நின்றது. "எனக்குத் தெரியும் அண்ணாச்சி. கல்யாணமான மூணாம் நாளே அவுகளே சொல்லிட்டாக. காசியும் இல்ல கீசியும் இல்ல, பூனாவுல எச்சித் தட்டு கழுவுனேன், நீ உங்க அய்யாகிட்டச் சொல்லணும்னா சொல்லிக்கோன்னு. பொய் சொல்லத் தெரியாத மனுஷன், அவுகளுக்கு வந்து நீங்க வக்கீலு." நீ சொல்லலியா என்றேன். என்னையறியாமல் நீ என்று வந்துவிட்டது. "சொல்லத்தான் போனேன். எங்க அய்யா சாமி அலமாரியில அந்தச் செம்பை வச்சு, பூ வச்சு, பக்கத்து வீட்டுக்காரங்களுக்குக் காட்டிக்கிட்டு நிக்காக. பாத்துட்டு, காப்பி வேணுமாய்யான்னு கேட்டுட்டு வந்துட்டேன்." அவளுக்கும் ஒரு உருளை நின்றிருக்கிறது. அதை நான்தான் அவள் கையில் கொடுத்திருக்கிறேன், கயிற்றோடு. அது எனக்கு இத்தனை நாள் தோன்றியதே இல்லை.

மறுபடியும் ஓடலியா என்று கேட்டேன். "ஒரு தடவை. சங்கரன்கோயில் வரைக்கும். சாயங்காலமே வந்து நின்னு, பசிக்குதுன்னாக. நான் ஒண்ணும் கேக்கல, தட்டை வச்சேன். சாப்பிட்டுட்டு தட்டை அவுகளே கழுவி வச்சாக. பூனாவுல படிச்ச வேலைல்லா." சிரித்தாள். நானும் சிரித்தேன், ஆனால் கேட்க வேண்டியது தொண்டையில் சொட்டு மருந்தோடு கசந்துகொண்டு நின்றது. கேட்டுவிட்டேன். அய்யாவுக்கு அந்தத் தண்ணி குடுத்ததும்தான் உசிரு போச்சுன்னு ஒருத்தர் சொன்னாரு, என்றேன். இதுவரை அதை நான் யாரிடமும் கேட்டதில்லை, என் வீட்டுக்காரி உயிரோடு இருந்த வரைக்கும் அவளிடமும் கேட்டதில்லை, தேவசகாயம் சாரிடம் இன்னொருத்தன் கதையாகக்கூடக் கேட்டதில்லை. "அதையா இத்தனை வருஷமாச் சுமந்துக்கிட்டு இருந்தீய?" என்றாள். டிவியில் எண்ணெயை முழங்காலில் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். "அண்ணாச்சி, மொத சொட்டு விட்ட பொறவு எங்க அய்யா பதினோரு நாளு இருந்தாக. வைத்தியரு அன்னைக்கு ராத்திரி தாண்டாதுன்னுட்டாரு. தீர்த்தம் உள்ள போனதும் கண்ணைத் தொறந்து, இன்னுங் கொஞ்சம் விடும்மான்னாக. தெனமும் காலையில தீர்த்தம், சாயங்காலம் தீர்த்தம். நாலு நாள்ல செம்பு காலி. நான் என்ன செய்ய, எங்க அடுக்களைப் பானையிலேர்ந்து ஊத்தி வச்சேன். அன்னையிலேர்ந்து அது வத்துனதே இல்ல." அவளா. பதினாலு பேருக்கும் அவளா. "தெருவுல கேட்டு வருவாக. இல்லன்னு எப்படிச் சொல்ல. போறவுக முகத்தைப் பாக்கணுமே நீங்க." நெஞ்சுக்குள்ளிருந்து ஏதோ ஒரு மூட்டை, முப்பத்தஞ்சு வருஷமாக மேலே கேரியரில் கட்டிப் போட்டு நானே மறந்துபோனது, யாரோ ஏணியில் ஏறிக் கயிற்றை அவிழ்த்துக் கீழே இறக்கினார்கள். பதினோரு நாள். நான் பெருக்காமலே பதினோரு நாள். மூடிய கண்ணில் தண்ணி வந்தது, அதை மருந்து என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

ஆனாலும் ஒன்று உறுத்தியது, நல்லவேளையாக உறுத்தியது. இது தப்பித்தது, என் கெட்டிக்காரத்தனத்தால் அல்ல. ஆவுடை மூணாம் நாளே உண்மையைச் சொல்லிவிட்டான், அவள் பொறுத்துக்கொண்டாள், தண்ணி கெடவில்லை. மூணும் நான் செய்தது இல்லை. நான் கையை விட்டுவிட்ட ஸ்டியரிங்கை, தண்ணியையும் சேர்த்து, வேறு மூணு பேர் பிடித்து ஓட்டிக் கொண்டுபோய் ஊர் சேர்த்திருக்கிறார்கள், நான் இறங்கி நின்று யானைக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவள் நல்லபடியாக வாழ்ந்ததால் நான் அன்று சொன்னது சரியென்று ஆகிவிடாது. சரியென்று ஆகாவிட்டாலும் இப்போது இப்படி மூச்சு விட எனக்கு உரிமை உண்டா இல்லையா, இதுக்கு உம்ம அஞ்சில் எது பதில் சொல்லும் சார். நான் உள்ளுக்குள்ளேயே கோர்ட்டு வைத்து, நானே வக்கீலாக, நானே ஜட்ஜாக, முப்பத்தெட்டு வருஷம் வாய்தா வாங்கிக்கொண்டே இருந்தேன். எதிர்க்கட்சிக்கு ஒரு சம்மன்கூட அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் அவள் மூணாம் வருஷமே வந்து கேஸை முடித்திருப்பாள். முடித்தும் இருப்பாள், செருப்பால் அடித்தும் இருப்பாள், இரண்டுமே எனக்கு லாபம்தான்.

"ஒண்ணு மட்டும் எனக்குத் தெரியணும் அண்ணாச்சி" என்றாள் உலகம்மாள். குரலில் சிரிப்பு இல்லை இப்போது. "அவுகளுக்கும் தெரியாதாம், நீங்கதான் அடைச்சுக் குடுத்தீயன்னாக. அது எந்தத் தண்ணி? எங்க அய்யா கடைசியாக் கேட்டுக் கேட்டுக் குடிச்சது. எனக்கு அது என்னன்னு தெரியணும்." குற்றாலம், நாக்கு நுனியில் தயாராக நின்றது. அருவி, மூலிகை, விடிகாலை, ஈர வேட்டியோடு நான். அதைச் சொன்னால் அவளுக்கும் குளிரும், எனக்கும் குளிரும், யாருக்கு என்ன நஷ்டம். வாயைத் திறந்தேன். சித்திரையில் பாறை காய்ந்து கிடந்தது. டிப்போக் குழாய்ம்மா, என்றேன். பஸ் கழுவுற குழாய். ரெண்டரைக்கு டூட்டி இருந்தது, ரெண்டு நிமிஷம் நடந்தா நல்ல தண்ணிக் குழாய், அதுக்குக்கூட நான் நடக்கல. சொல்லி முடித்ததும் இன்னும் ஏதாவது சேர்க்கலாமா என்று பார்த்தேன். சேர்க்க ஒன்றும் இல்லை. இவ்வளவு குட்டையான ஒரு கதையை நான் சொன்னதே கிடையாது.

நான் காத்திருந்தேன். பெஞ்சு மெதுவாக ஆடியது. அழுகிறாள் என்று நினைத்தேன். ஆட்டம் பெரிசாயிற்று, அப்புறம் மூக்கு வழியாக ஒரு சீறல், அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், வாயைப் புடவையால் பொத்திக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. "எங்க அய்யா மொத சொட்டைக் குடிச்சுட்டு என்ன சொன்னாக தெரியுமா அண்ணாச்சி? கங்கையில லேசா டீசல் வாடை அடிக்குதேம்மான்னாக. எனக்குப் பக்குன்னு ஆயிருச்சு. அவுகளே சொல்லிக்கிட்டாக, ஆமா, மோட்டார் போட்டு நிறைய ஓடும்லா, இருக்கத்தான் செய்யும்னு. சொல்லிட்டு, இன்னுங் கொஞ்சம் விடுன்னாக." எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை, புரிந்ததும் அடக்க முடியவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். எங்கிருந்தோ நர்ஸ், "தாத்தா, கண்ணைத் திறந்துராதீங்க" என்றாள். மூணு வருஷம் அடைத்துக் கிடந்த தண்ணியில் டீசல் வாடை தங்குமா. பதினோரு நாள் என்றாளே, அது பதினோரு நாள்தானா. பதினாலு பேர் என்றாளே. கேட்கலாம் என்று வாயெடுத்தேன், கேட்கவில்லை. அவள் பெருக்கியிருந்தால் அது எனக்காகப் பெருக்கியது, அவளுக்கு அந்த உரிமை உண்டு. என்னைவிடப் பெரிய ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யானைக் கதை சொன்னேனே என்று மட்டும் வெட்கமாக இருந்தது.

மூணாவது சொட்டு விழுந்தது, இந்தத் தடவை எரியவே இல்லை. தேவசகாயம் சாரிடம் நாளைக் காலை கிரவுண்டில் சொல்லிவிட வேண்டும், நாலாவது எனக்கு மறந்துவிட்டது, உம்முடையது எதுவாக இருந்தாலும் இருக்கட்டும், அந்த இடத்தில் என்னுடையதைப் போட்டுக்கொள்ளும் என்று. யாருக்குச் செய்தோமோ அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்க அதில் ஒரு இடம் காலியாக இருக்க வேண்டும், அந்த சீட்டில் நம் துண்டைப் போட்டு வைக்கக் கூடாது. அதெப்படிவே ஒரு கொள்கைக்குள்ள வரும் என்று குதிப்பார். குதிக்கட்டும். "குத்தாலிங்கம், இடது கண்ணு, வாங்க தாத்தா, இப்பத் திறக்கலாம்" என்று நர்ஸ் என் கையைப் பிடித்தாள். திறந்தேன். பாப்பா பெரிசாகிவிட்டிருந்தது போலிருக்கிறது, உலகம் முழுக்க வெளிச்சம் வழிந்து எதற்கும் ஓரமே இல்லை. அந்த வெளிச்சத்துக்குள்ளிருந்து வெள்ளை வேட்டியும் குனிந்த தலையுமாக ஒரு ஆள், இரண்டு கையிலும் டீயை வைத்துக்கொண்டு சிந்தாமல் ஒவ்வொரு அடியாக எடுத்துவைத்து வந்துகொண்டிருந்தான். "இன்னொரு டீ வாங்கணும், போங்க. நம்ம வக்கீலு உள்ள போயிட்டு வந்துருவாரு" என்றாள் உலகம்மாள், காலடிச் சத்தத்தை வைத்தே. அவன் நின்று, என் பக்கமாக முகத்தைத் திருப்பி, கொஞ்ச நேரம் பார்த்தான். கையிலிருந்த இரண்டையும் பெஞ்சில் வைத்துவிட்டு, மூணாவது வாங்க, இறங்கி ஓடினான்.